துபாய் வழியாக வரும் இந்துப்பு: சர்டிபிகேட் மாறினால் தடை நீங்குமா?

கேள்வி: விருதுநகரில் நாட்டு மருந்துச் சரக்கும் மளிகையும் மொத்த வியாபாரம் செய்கிறோம். இந்துப்பைப் பல வருடமாக துபாய் சப்ளையர் ஒருவரிடம் வாங்கி, தூத்துக்குடியில் இறக்கி வந்தோம். 2025 மே மாதம் பாகிஸ்தான் சரக்குக்குத் தடை வந்த பிறகு நிறுத்திவிட்டோம். இப்போது அவர், “யு.ஏ.இ. சரக்கு என்று சர்டிபிகேட் போட்டுத் தருகிறேன், வரியும் குறையும், 30 சதவீதம் அட்வான்ஸ் அனுப்புங்கள்” என்று வாட்ஸப்பில் கேட்கிறார். எடுக்கலாமா? குடோனில் பழைய இந்துப்பு 6 டன் இருக்கிறது, அதை விற்கலாமா? இரண்டு நாடும் தூதரகத்தை மூடவில்லை, ஆளைத்தான் குறைத்திருக்கிறார்கள். அப்படியானால் தடையும் சீக்கிரம் நீங்கிவிடும் என்கிறார் அவர். உண்மையா?

பதில்: ஐயா, எடுக்க வேண்டாம், அட்வான்ஸும் அனுப்ப வேண்டாம். அது பாகிஸ்தானில் வெட்டியெடுத்த உப்பு என்றால், எந்தத் துறைமுகத்தைச் சுற்றி வந்தாலும், எத்தனை கை மாறி வந்தாலும் இந்தியாவுக்குள் இறக்க முடியாது. உங்கள் சப்ளையர் விற்க முன்வருவது ஒரு தாளை. அந்தத் தாள் பொய் என்று தெரியவந்தால் சரக்கும் பணமும் போவது உங்களுக்கு. அவர் துபாயில் இருப்பார்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு கூடி தூதரகம், விசா, அட்டாரி எல்லை, சிந்து நதி ஒப்பந்தம் ஆகியவற்றில் முடிவெடுத்தது. இறக்குமதித் தடை அன்றைக்கு வரவில்லை. அது மே 2 அன்று, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.எஃப்.டி., வெளியிட்ட 06/2025-26 எண் அறிவிக்கையாக வந்தது. வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023இல் 2.20ஏ என்று ஒரு புதிய பத்தியை அது சேர்த்தது. பாகிஸ்தானில் உற்பத்தியான அல்லது அங்கிருந்து ஏற்றுமதியான எல்லாப் பொருள்களின் நேரடி இறக்குமதி, மறைமுக இறக்குமதி, இந்தியா வழியாகக் கடந்துபோதல் ஆகிய மூன்றுக்கும் மறு உத்தரவு வரும் வரை தடை என்கிறது அந்தப் பத்தி. விதிவிலக்கு வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்.

உங்களுக்கான பதில் அந்த ‘மறைமுக’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ‘உற்பத்தியான அல்லது ஏற்றுமதியான’ என்று இரண்டு வாசல்களையும் அடைத்திருக்கிறார்கள். கராச்சியிலிருந்து கப்பலேறி துபாய்த் துறைமுகமான ஜெபல் அலியில் இறங்கி, அங்கே புதுக் கோணியில் மாற்றிக் கட்டி, துபாய் கம்பெனியின் இன்வாய்ஸுடன் வந்தாலும் அது பாகிஸ்தானில் உற்பத்தியான சரக்குதான். கடந்துபோவதையும் சேர்த்திருப்பதால், வேறு நாட்டுக்குப் போகும் பாகிஸ்தான் சரக்கு கப்பலை விட்டு இறங்காமலே இந்தியத் துறைமுகத்தைத் தொட்டாலும் சிக்கல்தான். பாகிஸ்தான் கொடி பறக்கும் கப்பல் இந்தியத் துறைமுகத்துக்கு வரக்கூடாது, இந்தியக் கொடிக் கப்பல் அங்கே போகக்கூடாது என்று கப்பல் துறையும் அதே வாரம் தனி உத்தரவு போட்டது. அங்கிருந்து வரும் தபாலும் பார்சலும்கூட நிறுத்தப்பட்டன.

உற்பத்தி நாடு எது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? உப்பைப் பொறுத்தவரை இதில் குழப்பமே இல்லை. எந்த நாட்டு மண்ணிலிருந்து வெட்டியெடுத்தார்களோ அதுதான் உற்பத்தி நாடு. சலித்தல், உடைத்தல், கலர் வாரியாகப் பிரித்தல், பாக்கெட் போடுதல் ஆகிய எதுவும் அதை மாற்றாது. நம் கடைகளில் விற்கும் இளஞ்சிவப்பு இந்துப்பில் பெரும்பகுதி பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள உப்பு மலைத்தொடரின் கெவ்ரா சுரங்கத்திலிருந்து வந்தது. துபாயில் அப்படி ஒரு சுரங்கம் கிடையாது. கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியில் உற்பத்தி நாடு, சரக்கு அனுப்பிய நாடு என்று இரண்டு தனிக் கட்டங்கள் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். துபாய் என்பது இரண்டாவது கட்டத்துக்குரிய பதில். அதை முதல் கட்டத்தில் எழுதும்போது தவறான அறிவிப்பு என்ற குற்றம் அங்கேயே நிறைவேறிவிடுகிறது.

வரி குறையும் என்று அவர் சொல்வது இந்தியா-யு.ஏ.இ. விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தை வைத்து. 2022 மே 1 முதல் அது அமலில் இருக்கிறது. அந்தச் சலுகை யு.ஏ.இ.யில் உற்பத்தியான பொருளுக்கு மட்டும். சலுகை கேட்கும் இறக்குமதியாளர் சர்டிபிகேட்டை நீட்டிவிட்டு ஒதுங்க முடியாது. ஒப்பந்தச் சலுகை வரி கேட்பவர்களுக்காக 2020 செப்டம்பர் 21 முதல் அமலில் உள்ள கரோட்டார் விதிகளின்படி, பொருள் எங்கே எப்படி உற்பத்தியானது என்ற விவரம் இறக்குமதியாளர் கையிலேயே இருக்க வேண்டும். படிவம் 1இல் அதை எழுதி ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். கஸ்டம்ஸ் அதிகாரி அதைக் கேட்டு நீங்கள் தர முடியாவிட்டாலோ, தந்த விவரத்தில் அவருக்குச் சந்தேகம் இருந்தாலோ, சர்டிபிகேட் கொடுத்த நாட்டு அதிகாரிகளிடமே சரிபார்க்கச் சொல்லி அனுப்புவார். “சப்ளையர் கொடுத்தார், நான் நம்பினேன்” என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி எழுதப்பட்ட விதிகள் இவை. கஸ்டம்ஸ் சட்டத்தின் 46ஆம் பிரிவும் அறிவிப்பின் உண்மைக்கு இறக்குமதியாளரையே பொறுப்பாளியாக்குகிறது.

பிடிபடுவதற்கு வாய்ப்பு குறைவு என்று சப்ளையர் சொல்லக்கூடும். 2025 ஜூனில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம், டி.ஆர்.ஐ., நவ சேவா துறைமுகத்தில் ‘டீப் மேனிஃபெஸ்ட்’ என்ற பெயரில் நடத்திய சோதனையை அவருக்கு நினைவூட்டுங்கள். 39 கண்டெய்னர், 1,115 டன் சரக்கு, சுமார் 9 கோடி ரூபாய் மதிப்பு. காய்ந்த பேரீச்சைதான் அதில் முக்கியம். யு.ஏ.இ. உற்பத்தி என்று அறிவித்திருந்தார்கள். கராச்சியிலிருந்து ஒரு தொகுதிக் கண்டெய்னரில் ஜெபல் அலிக்குக் கொண்டுபோய், அங்கே வேறு கண்டெய்னருக்கும் வேறு கப்பலுக்கும் மாற்றி இந்தியாவுக்கு அனுப்பியது விசாரணையில் தெரிந்தது. பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் தொடர்ந்து போனார்கள். இறக்குமதிக் கம்பெனியின் பங்குதாரர் ஒருவர் கைதானார்.

அதில் கவனிக்க வேண்டியது, கண்டெய்னரை மாற்றியது அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதுதான். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட ஒவ்வொரு கண்டெய்னர் எண்ணுக்கும் கப்பல் கம்பெனியிடம் பயண வரலாறு இருக்கிறது. ஜெபல் அலியில் ஒரு பெட்டி காலியாகும் நாளும், அதே எடையில் அதே சரக்கு இன்னொரு பெட்டியில் ஏறும் நாளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். தூத்துக்குடிக்கு வரும் சரக்கில் இன்னொரு படியும் உண்டு. ஜெபல் அலியிலிருந்து கொழும்பு வந்து, அங்கே சிறிய கப்பலுக்கு மாறி வருவது வழக்கம். இடையில் துறைமுகம் கூடினால் மறைக்க வசதி என்று நினைக்கிறார்கள். கூடும் ஒவ்வொரு துறைமுகமும் இன்னொரு ஆவணத்தை விட்டுச் செல்கிறது.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் தடைசெய்த பொருள், தானாகவே கஸ்டம்ஸ் சட்டத்திலும் தடைசெய்த பொருளாகிவிடும். 111(டி) பிரிவில் சரக்கு பறிமுதல். சாதாரணத் தவறில் பறிமுதலான சரக்கை அபராதம் கட்டி மீட்க வழி உண்டு, அதிகாரி அந்த வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். தடைசெய்த பொருளுக்கு 125ஆம் பிரிவு அதை அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிய தடையில் விருப்பம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. 112ஆம் பிரிவில் சரக்கின் மதிப்பு வரை தனி அபராதம். பொய்யான ஆவணம் கொடுத்ததற்கு 114ஏஏ பிரிவில் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை. வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் 11ஆம் பிரிவிலும் குறைந்தது 10,000 ரூபாய் முதல் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை. இறக்குமதி, ஏற்றுமதி செய்யத் தேவையான உங்கள் ஐ.இ.சி. எண்ணை முடக்கவோ ரத்து செய்யவோ அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு இருக்கிறது. அது போனால் இந்துப்பு மட்டுமல்ல, நீங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கும் எல்லாமே நின்றுவிடும். கஸ்டம்ஸ் சட்டத்தின் 135ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கும் உண்டு. சரக்கின் சந்தை விலை ஒரு கோடியைத் தாண்டினால் ஏழு ஆண்டு வரை சிறை.

இங்கேதான் அந்த வாட்ஸப் செய்தி முக்கியமாகிறது. சரக்கைப் பறிமுதல் செய்ய உங்களுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கியவர், வைத்திருந்தவர், விற்றவர் மீது அபராதம் போடும் 112(பி) பிரிவும், கிரிமினல் வழக்கும் ‘தெரிந்திருந்தது, அல்லது நம்புவதற்குக் காரணம் இருந்தது’ என்பதை வைத்து நிற்பவை. “யு.ஏ.இ. என்று போட்டுத் தருகிறேன்” என்று எழுத்தில் வந்த பிறகு நீங்கள் ஒரு கண்டெய்னர் எடுத்தால், தெரியாது என்று சொல்லும் வாய்ப்பை நீங்களே மூடிவிட்டீர்கள். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். பாகிஸ்தான் உற்பத்தி எந்த வழியாக வந்தாலும் வேண்டாம், அப்படிப்பட்ட சரக்கை எங்கள் பெயருக்கு அனுப்பக் கூடாது என்று தெளிவாகப் பதில் எழுதி இரண்டையும் சேர்த்து வையுங்கள். சில சப்ளையர்கள் ஆர்டர் உறுதியாகாமலே பெட்டியை ஏற்றிவிட்டு, பிறகு சரக்கு தேங்கிக் கிடப்பதற்கான கட்டணமான டெமரேஜைக் காட்டி நெருக்குவார்கள். அப்படி எதுவும் வந்தால் பில் ஆஃப் என்ட்ரி போடாமல், சரக்கை ஏற்க மறுப்பதாகக் கப்பல் ஏஜென்ட்டுக்கும் கஸ்டம்ஸுக்கும் எழுத்தில் கொடுங்கள்.

அட்வான்ஸ் விஷயம் தனி. வெளிநாட்டுக்கு இறக்குமதிக்காகப் பணம் அனுப்பினால், வங்கி அதை ஐ.டி.பி.எம்.எஸ். என்ற ரிசர்வ் வங்கி அமைப்பில் பதிவு செய்யும். சரக்கு வந்து பில் ஆஃப் என்ட்ரி பொருந்தினால்தான் அந்தப் பதிவு முடியும். சரக்கை இறக்க முடியாமல் போனால் பணம் திரும்பி வந்ததைக் காட்ட வேண்டும். திருப்பித் தராத சப்ளையரிடம் மாட்டிக்கொண்டால் பதிவு திறந்தே கிடக்கும். அடுத்த அட்வான்ஸுக்கு வங்கி கேள்வி கேட்கும், அந்நியச் செலாவணிச் சட்டப்படி விளக்கம் தர வேண்டி வரும். சட்டத்துக்குப் புறம்பான ஒப்பந்தத்தில் கொடுத்த பணத்தை மீட்க எந்த நீதிமன்றத்துக்கு நீங்கள் போவீர்கள்?

இனி குடோனில் இருக்கும் 6 டன். மே 2, 2025க்கு முன்பே கஸ்டம்ஸ் முடிந்து உள்ளே வந்த சரக்கை விற்பதை அந்த அறிவிக்கை தடுக்கவில்லை, அது இறக்குமதிக்கான தடை. ஆனால் உங்கள் பழைய பில் ஆஃப் என்ட்ரியை எடுத்து, உற்பத்தி நாட்டுக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாகிஸ்தான் சரக்கு மீதான கட்டுப்பாடு 2025இல் தொடங்கவில்லை. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு 2019 பிப்ரவரி 16 அன்று, பாகிஸ்தானில் உற்பத்தியான அல்லது அங்கிருந்து வரும் எல்லாப் பொருளுக்கும் 200 சதவீத வரி போட்டார்கள். 100 ரூபாய் மதிப்புள்ள சரக்கு வரியோடு 300 ரூபாயாக உள்ளே வந்திருக்க வேண்டும். 2017-18இல் 48.85 கோடி டாலராக இருந்த பாகிஸ்தான் இறக்குமதி, 2024 ஏப்ரல் முதல் 2025 ஜனவரி வரையிலான பத்து மாதத்தில் வெறும் 4.2 லட்சம் டாலராகச் சுருங்கிவிட்டது. கணக்கில் இப்படி இருக்க, கடைகளில் இளஞ்சிவப்பு இந்துப்பு குறைந்த விலையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

உங்கள் பில்லில் பாகிஸ்தான் என்று எழுதி 200 சதவீதம் கட்டியிருந்தால் கவலை இல்லை. ரசீதை நகல் எடுத்து, எந்த லாட் எவ்வளவு விற்றது, எவ்வளவு மீதம் என்ற பதிவேட்டுடன் குடோனிலேயே வையுங்கள். யு.ஏ.இ. என்று எழுதியிருந்தால், சப்ளையரிடம் சுரங்கத்தின் பெயரையும், முதல் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி கொடுத்த சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கையும் கேளுங்கள். அவர் தரமாட்டார் என்றால் அந்த லாட்டைத் தனியே ஒதுக்கி, விற்பதை நிறுத்திவைத்து, ஒரு கஸ்டம்ஸ் வழக்கறிஞரைப் பாருங்கள். தவறான தகவலால் கட்டாமல் விட்ட வரியை ஐந்து ஆண்டு பின்னோக்கிக் கேட்க கஸ்டம்ஸ் சட்டத்தின் 28ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. நோட்டீஸ் வரும் முன்பு நீங்களாகப் போய்க் கட்டுவதற்கும், வந்த பிறகு கட்டுவதற்கும் வட்டியிலும் அபராதத்திலும் பெரிய வித்தியாசம். பழைய லாட்டையும் புதிய லாட்டையும் ஒன்றாகக் கொட்டிவைப்பதுதான் குடோன்களில் நடக்கும் பெரிய தவறு. சோதனைக்கு வருகிறவரிடம் எது பழையது என்று பிரித்துக் காட்ட முடியாமல் போகும். பாக்கெட் போட்டு விற்பதானால் லேபிளில் உற்பத்தி நாடு கட்டாயம். ‘இமாலய உப்பு’ என்று எழுதிவிட்டு நாட்டின் பெயரை விடுவது எடையளவு விதிகளில் இன்னொரு குற்றம்.

இனி தூதரகம். உங்கள் சப்ளையர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது: உறவு முறியவில்லை. 2025 ஏப்ரல் 23 முடிவுகளின்படி டெல்லியில் இருந்த பாகிஸ்தானின் ராணுவ, கடற்படை, விமானப்படை ஆலோசகர்கள் ஏற்கத்தகாதவர்கள் என்று அறிவிக்கப்பட்டு, வெளியேற ஒரு வாரம் பெற்றார்கள். இஸ்லாமாபாத்தில் இருந்த நம் ஆலோசகர்களும் திரும்பினார்கள். அந்தப் பதவிகளே ரத்தாயின. ஒவ்வொரு தூதரகத்திலும் ஆள் பலம் மே 1க்குள் 55இலிருந்து 30ஆகக் குறைக்கப்பட வேண்டும் என்றும் சொன்னார்கள். பாகிஸ்தானும் மறுநாளே அதே 30ஐ அறிவித்தது, தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது, மூன்றாம் நாடு வழியாக நடப்பது உட்பட எல்லா வணிகத்தையும் நிறுத்தியது. ஏப்ரல் 30 அன்று நாம் நம் வான்வழியை மூடினோம்.

இவையெல்லாம் 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அனுமதிக்கும் வழிகள். தூதரக அதிகாரி ஒருவரை ஏற்கத்தகாதவர் என்று எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, 9ஆம் பிரிவின்படி அறிவிக்கலாம். தூதரகம் இவ்வளவு பெரிதாக இருக்கக்கூடாது என்று 11ஆம் பிரிவின்படி சொல்லலாம். தூதரின் பதவியை நிரப்பாமல் விட்டு, பொறுப்புத் தூதரை வைத்தே நடத்தலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் 2019 ஆகஸ்டிலிருந்து இப்படித்தான் இருக்கின்றன. அந்த மாதம் பாகிஸ்தான் நம் தூதர் அஜய் பிசாரியாவை வெளியேறச் சொன்னது, வணிகத்தையும் நிறுத்தியது.

முழுக்க முறித்துக்கொள்ளாததற்குக் காரணம் பாசம் அல்ல, தேவை. கடலில் எல்லை தாண்டிப் பிடிபடும் மீனவர்கள் இரண்டு பக்கச் சிறையிலும் இருக்கிறார்கள். 2008 ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் கைதிகள் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். அணு நிலையங்களின் பட்டியலையும் 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் கைமாற்றுகிறார்கள். சண்டை நடந்த 2025இலும் ஜூலை 1 கைதிகள் பட்டியல் கைமாறியது. இதற்கெல்லாம் அங்கே ஒரு கட்டடமும் சில ஆள்களும் வேண்டும். 1971 டிசம்பரில் உறவு முறிந்தபோது சுவிட்சர்லாந்துதான் இரு நாடுகளின் காரியத்தையும் பார்த்துக்கொண்டது. உறவு மீண்டது 1976இல். மூடிய தூதரகத்தைத் திறப்பது எவ்வளவு காலம் பிடிக்கும் வேலை என்பது டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் தெரியும்.

ஆகவே தூதரகம் திறந்திருப்பதை வணிகம் திறக்கப்போவதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆள் எண்ணிக்கை போன திசையைப் பாருங்கள். 2020 ஜூனில் 110இலிருந்து 55, 2025இல் 30. 2001 டிசம்பர் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகும் தூதரை அழைத்துக்கொண்டோம், ஆளைப் பாதியாக்கினோம், 2002 ஜனவரி 1 முதல் விமானம், ரயில், பஸ் எல்லாவற்றையும் நிறுத்தினோம். 2003 ஜூலையில் பஸ்ஸும் தூதர்களும் திரும்ப வந்தார்கள், 2004 ஜனவரியில் விமானமும் ரயிலும். அப்போது 1996இல் கொடுத்த வர்த்தகச் சலுகை அந்தஸ்தை இந்தியா தொடவே இல்லை, ஆகவே சரக்கு விஷயத்தில் திரும்ப வேண்டிய தூரம் என்று எதுவும் இருக்கவில்லை. 2019இல் அந்த அந்தஸ்து போய்விட்டது. இந்த முறை பூட்டு வணிகத்தின் மீதே விழுந்திருக்கிறது, அதுவும் இரண்டு பக்கத்திலிருந்தும்.

கெவ்ரா உப்பு முறையாகத் தூத்துக்குடிக்கு வர என்னென்ன நடக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். டி.ஜி.எஃப்.டி. 2.20ஏ பத்தியை நீக்கவோ தளர்த்தவோ வேண்டும். அது நீங்கினாலும் நிதி அமைச்சகத்தின் 200 சதவீத வரி அப்படியே நிற்கும், அதற்குத் தனி அறிவிக்கை வேண்டும். அட்டாரியைத் திறப்பது உள்துறை முடிவு, கப்பல் தடையை எடுப்பது கப்பல் துறை முடிவு. பாகிஸ்தான் தன் பக்கத் தடையையும் எடுக்க வேண்டும். வான்வழி மூடல் ஒரு மாதம் ஒரு மாதமாகத் தேதி போட்டு நீட்டப்பட்டு வந்தது, ஆகவே ஒவ்வொரு மாதமும் அதைப் பற்றி யாராவது யோசித்தாக வேண்டும். இறக்குமதித் தடைக்கு முடிவுத் தேதியே இல்லை. யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால் அது தொடரும். என் கணிப்பில், தடை நீங்கிய முதல் நாளிலும் பழைய விலைக்கு இந்துப்பு வராது.

தளர்வு வந்தால் அதைச் செய்தியில் கேட்டு ஆர்டர் போடாதீர்கள், அரசிதழைப் பாருங்கள். எந்த நிமிடம் என்பதுகூடக் கணக்கில் வரும். 2019இல் 200 சதவீத வரி அறிவிக்கை இணைய அரசிதழில் ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடிக்கு. அன்று பகலிலேயே அட்டாரியில் பில் ஆஃப் என்ட்ரி போட்டவர்களிடமும் அந்த வரியைக் கேட்டார்கள். ஜி.எஸ். சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கில் 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அரசிதழில் ஏறிய நேரத்துக்கு முன் போட்ட பில்லுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அவர்களைக் காப்பாற்றியது பில்லில் பதிவாகியிருந்த நேரம். டி.ஜி.எஃப்.டி. இணையதளத்தில் அறிவிக்கையை நீங்களே இறக்கி, எண்ணும் தேதியும் பார்த்து, உங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கருத்துக் கேட்டு, பிறகு பணம் கட்டுங்கள்.

அதுவரை மாற்று என்ன? இந்தியாவில் இமாச்சலப் பிரதேசம் மண்டி மாவட்டத்தில் திராங், குமா பகுதியில் பாறை உப்பு இருக்கிறது. ஹிந்துஸ்தான் சால்ட்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அதைக் கையாள்கிறது. அளவு சிறிது, நிறமும் கெவ்ராவைப் போல் இளஞ்சிவப்பாக இருக்காது. நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்துக்கு வாங்குகிறவர்கள் எந்த உப்பு பொருந்தும் என்பதைத் தங்கள் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஈரானில் நல்ல பாறை உப்பு உண்டு, அதை இறக்குமதி செய்ய இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு பொதுத் தடை இல்லை. ஆனால் ஈரானின் சுரங்கத் துறையை 2020 ஜனவரியிலேயே அமெரிக்கா தன் தடைக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்தத் தடை உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் உங்கள் வங்கியைப் பயமுறுத்தும். டாலரில் பணம் அனுப்ப மறுப்பார்கள், கப்பல் கம்பெனியும் இன்சூரன்ஸும் பின்வாங்கும். ஆர்டர் பேசும் முன்பே வங்கிக் கிளையில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஈரான் சரக்கு என்ற பெயரில் கெவ்ரா உப்பு வருவதற்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதால் அங்கேயும் அதே சோதனை வேண்டும்.

சோதனை பெரிய வேலை இல்லை. எந்த நாட்டுச் சரக்கானாலும் ஆர்டருக்கு முன் சப்ளையரிடம் சுரங்கத்தின் பெயர், அந்த நாட்டு ஏற்றுமதி அறிவிப்பின் நகல், முதல் துறைமுகத்திலிருந்து கிளம்பிய பில் ஆஃப் லேடிங், கண்டெய்னர் எண் நான்கையும் கேளுங்கள். கண்டெய்னர் எண்ணைக் கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் அது எந்தத் துறைமுகத்தில் நிரம்பியது என்று தெரியும். ஜெபல் அலியில் நிரம்பியது என்று வந்தால், அதற்கு முன் அந்தச் சரக்கு எந்தப் பெட்டியில் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், இரண்டு எடையும் பொருந்துகிறதா பாருங்கள். “எங்கள் சொந்த ஸ்டாக், குடோனில் இருந்தது” என்று பதில் வந்தால் அந்தக் குடோனுக்குள் வந்ததற்கான இறக்குமதி ஆவணத்தைக் கேளுங்கள். நேர்மையான வியாபாரி இதை ஒரே நாளில் அனுப்பிவிடுவார். ஒப்பந்தத்தில், உற்பத்தி நாடு பொய் என்று தெரிந்தால் முழுப் பணமும் கஸ்டம்ஸ் செலவும் சப்ளையர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்து, அட்வான்ஸுக்குப் பதிலாக ஆவணம் வந்த பிறகு பணம் என்ற முறைக்கு மாறுங்கள்.